தவலைத் தண்ணீர்

பூவிழி போட்டு உடைத்த சேதி ஒரு வாரமாகியும் அந்த வீட்டில் ஆறவில்லை. ஆறுவதாவது? அந்தோணியம்மாள் அதை ஆறவிட்டால்தானே!

சேதி இதுதான். கலியன் ஞானஸ்நானம் வாங்கப் போகிறான். எந்தக் கலியன்? சவுக்குத் தோப்பில் பாக்கெட் சாராயம் விற்ற அதே கலியன். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் விற்ற விஷத்தைக் குடித்துத்தான் அந்தோணியம்மாளின் மூத்த மகன் பரத், கண் தெரியவில்லை, கண் தெரியவில்லை என்று கத்திக்கொண்டே செத்தான். விற்றதைத் தானும் குடித்ததில் கலியனுக்கு இடது கண் போயிற்று. உயிர் மட்டும் கெட்டியாக ஒட்டிக்கொண்டது. ஜெயிலுக்குப் போனவன் ஜாமீனில் வந்து, இப்போது கூலிக்கு உப்பு வாருகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று பூசை பார்க்கிறான்.

அதுகூடத் தொலையட்டும். அவனுக்கு ஞானத்தகப்பனாக நிற்க ஊரில் ஒரு ஆம்பளையும் முன்வராதபோது, நான் நிற்கிறேன் ஃபாதர் என்று ஒருத்தி எழுந்தாளே, அவள் யார்? பரத்தின் பொண்டாட்டி பூவிழி! தாலியை இழந்தவளே, தாலியை அறுத்தவனுக்கு ஞானத்தாய். இப்படி ஒரு கூத்தை எந்தச் சீமையிலாவது கண்டதுண்டா என்று அந்தோணியம்மாள் வாரம் முழுக்கக் குமுறித் தீர்த்தாள்.

இன்றைக்குத்தான் அந்த நாள். சாயங்காலம் நாலு மணிப் பூசையில் ஞானஸ்நானம்.

உப்புக்கு ஞாயிறு, திங்கள் கிடையாது. வானம் மூட்டம் போட்டுக்கொண்டிருந்தது. மழை விழுந்தால் விளைந்த உப்பெல்லாம் கரைந்துபோகும் என்று முதலாளி வெங்கடாசலம் விடியும்போதே ஆள் அனுப்பிவிட்டார். அந்தோணியம்மாளும் போனாள். போனவள் உப்பு வாரும் பலகையை இழுத்த இழுப்பு இருக்கிறதே, உப்போடு பாத்தியின் கறுப்புச் சேறும் சேர்ந்து வந்தது.

வரப்பில் நின்ற வெங்கடாசலம், மண்ணு வருது பாரும்மா, உப்பு கறுத்துடப் போவுது என்றார்.

"மனுசங்களே கறுத்துப் போயிட்டாங்க. உப்பு கறுத்தா இன்னா இப்போ?"

அவர் அடுத்த பாத்திக்கு நகர்ந்துவிட்டார். அன்றைக்கு அவளிடம் வாய் கொடுத்தால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று உப்பளத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நாலு பாத்தி தள்ளி, கலியன் குனிந்த தலை நிமிராமல் வாரிக்கொண்டிருந்தான். அவன் முதுகைப் பார்க்கப் பார்க்க இவளுக்குப் பற்றி எரிந்தது.

கூட வேலை செய்யும் தனகோடிக்கு மட்டும் பயம் கிடையாது. கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டே கேட்டாள், சாயங்காலம் தண்ணி நீதானே எடுத்தாரப்போறே என்று.

அந்தோணியம்மாள் விருட்டென்று நிமிர்ந்தாள். ஒரு வாரமாகத் திட்டியதில் இதை மறந்தே போயிருந்தாள்.

அந்தக் கரையோரத்தில் எங்கே தோண்டினாலும் வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர்தான் வரும். அவள் புருஷன் இருசப்பன் வீட்டுக்குப் பின்னால் தோண்டிய கிணற்றில் மட்டும், என்ன புண்ணியமோ, இளநீர் மாதிரித் தண்ணீர் ஊறியது. அவன் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகியும் கிணறு வற்றவில்லை. அன்றிலிருந்து அந்தச் சின்னக் கோயிலில் எந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றாலும் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். அவளுடைய கல்யாணச் சீர் பித்தளைத் தவலையில்தான். முக்காடு போட்டு அவள் தலையில் சுமந்து வந்தால்தான். உப்புத் தண்ணீர் ஊற்றினால் ஞானஸ்நானம் ஒட்டாது என்பது அங்குள்ள பெண்களின் நம்பிக்கை. யார் சொன்னது, எந்தச் சாமியார் சொன்னார் என்றெல்லாம் யாரும் கேட்டதில்லை. பிள்ளை பெற்றவள் அடுத்துப் பெற்றவளுக்குச் சொல்லுவாள், அவ்வளவுதான்.

"எடுத்தாரமாட்டேன். ஒரு சொட்டு தரமாட்டேன்" என்றாள் அந்தோணியம்மாள்.

தராவிட்டால் என்ன, பஞ்சாயத்து லாரித் தண்ணீர் டிரம்மில் இருக்கிறது, அதில் ஒரு குடம் மொண்டு ஃபாதர் ஊற்றிவிடுவார் என்று தனகோடி சிரித்துக்கொண்டே போனாள். அதுவும் நியாயம்தான். லாரித் தண்ணீரும் நல்ல தண்ணீர்தானே? கோபத்தில் தண்ணீரை மறுத்தால் பேர் கெடுவது இவளுக்கு, சொர்க்கம் போவது அவனுக்கு என்றாகிவிடும். அந்த நினைப்போடுதான் அவள் வேலையை முடித்து வீட்டுக்கு நடந்தாள். நடக்கும்போது கண் தானாக உப்பளத்து வாய்க்கால் பக்கம் போயிற்று.

வீட்டில் பூவிழி பாயில் உட்கார்ந்து ஒரு புது வெள்ளை வேட்டியை மடித்துக்கொண்டிருந்தாள். ஞானஸ்நானம் வாங்குகிறவனுக்கு வெள்ளைத் துணி எடுத்துக் கொடுப்பது ஞானத்தாயின் பொறுப்பு. வானூரில் தான் வேலை பார்க்கும் துணிக்கடையிலேயே எடுத்துவந்திருந்தாள்.

அந்தோணியம்மாளுக்குத் தலைக்கேறிவிட்டது. வேட்டியைப் பிடுங்கி வாசலில் எறிந்தாள். கோழி ஒன்று அதன்மேல் ஏறி நடந்தது.

"எம்புள்ளைக்குக் கோடித்துணி போத்தின கையிடி அது. அந்தக் கையாலயா இதை எடுத்தாந்தே?"

பூவிழி எழுந்து போய், கோழியை விரட்டி, வேட்டியை உதறி எடுத்துவந்து மறுபடி உட்கார்ந்தாள். பதில் பேசாமல் மடித்தாள். அதைவிட எரிச்சல் மூட்டுவது உலகத்தில் உண்டா? அந்தோணியம்மாள் ஆரம்பித்துவிட்டாள். நான் பிறந்ததிலிருந்து கிறிஸ்தவள், என் அப்பன், பாட்டன், பூட்டன் எல்லாரும் கிறிஸ்தவர்கள், நீ கல்யாணத்துக்காகத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டவள், நேற்றுப் பெய்த மழையில் இன்றைக்கு முளைத்தவள், நீ எனக்கு வேதம் சொல்லித் தருகிறாயா என்று கேட்டாள். பொழுது விடிந்தால் ஜெபமாலை, பொழுது போனால் ஜெபமாலை, தவக்காலத்தில் ஒரு நாள் கவுச்சி தொட்டதுண்டா நான் என்று கேட்டாள்.

"நீங்க சொல்றது வாஸ்தவம்தான் அத்தே" என்றாள் பூவிழி. "கல்யாணத்தன்னிக்கு ஊத்துனப்போ எனக்கு ஒண்ணும் தெரியல. தலை நனைஞ்சுது. அதோட சரி."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"அந்தக் கலியன் மூஞ்சியில காறித் துப்பத்தான் அத்தே ஜெயிலுக்குப் போனேன். வாய் நெறைய வச்சிருந்தேன். அவன் என்னைப் பாத்ததும் தரையில உக்காந்துட்டான். மன்னிச்சிடுன்னு கேக்கல. கேக்கறதுக்கு எனக்கு யோக்கியதை இல்லம்மா, துப்பிட்டுப் போன்னான். எனக்குத் துப்ப வரல. வெளிய வந்து பஸ் ஸ்டாண்டுல உக்காந்து அழுதேன் பாருங்க, அன்னிக்குத்தான் எனக்கு உசுரு வந்துது. அவரு செத்ததுலேருந்து நான் பொணமாத்தான் திரிஞ்சிக்கினு இருந்தேன். பொணமா இருக்கறவளுக்கு உசுரு குடுக்கத்தான ஆண்டவர் வந்தாரு? வேற எதுக்கு வந்தாரு?"

அந்தோணியம்மாள் வாயடைத்துப் போனாள் என்று நினைத்தால் அவளை உங்களுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். "அப்போ நான் பொணமா?" என்று கேட்டாள்.

பூவிழி நிமிர்ந்து மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். "பரலோக மந்திரத்துல மன்னிக்கிற வரி வந்தா வாயை மூடிக்கிறீங்களே அத்தே. மூணு வருஷமா பக்கத்துல நின்னு பாக்கறேன்."

இது யாருக்கும் தெரியாது என்றுதான் அந்தோணியம்மாள் நினைத்திருந்தாள். கோயில் முழுக்கச் சத்தமாகச் சொல்லும்போது ஒரு வாய் மூடினால் யாருக்குத் தெரியப்போகிறது? முன்னால் ஒரு வரி, பின்னால் ஒரு வரி எல்லாம் சொல்லுவாள். எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் மன்னிப்பதுபோல எங்கள் பாவங்களை மன்னியும் என்கிற அந்த ஒரு வரிக்கு மட்டும் உதடு ஒட்டிக்கொள்ளும். கடவுளிடம் பொய் சொல்லக்கூடாது என்று அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தாள். அதை இந்தப் பெண் கவனித்திருக்கிறாள் என்றதும் சேலையை உருவிவிட்ட மாதிரி கூசிப்போனாள். கூச்சம் மறு நிமிஷமே கோபமாக மாறிற்று.

அந்த நேரம் பார்த்துத்தான் இளைய மகன் மணிவண்ணன் உள்ளே வந்தான். விடியற்காலையில் கிளியனூருக்கு உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டு போன வண்டியை நிறுத்திவிட்டு வந்தவன், கையில் ஒரு சவுக்குக் கட்டை வைத்திருந்தான். கலியன் கோயில் வாசலில் காலை வைக்கட்டும், அந்தக் காலை ஒடித்து அடுப்பில் வைக்கிறேன் என்றான். அண்ணன் செத்த நாளிலிருந்து கலியன் பெயரைக் கேட்டால் அவன் இப்படித்தான். ஊரிலேயே பெரிய சத்தம் அவனுடையதுதான். பூசைக்கு வந்தாலும் பின்னால் நிற்பான். நன்மை வாங்க, அதாவது அப்பம் பெற, ஒரு நாளும் வரிசையில் போகமாட்டான். அண்ணன்மேல் அவ்வளவு பாசம், மனசு ஆறவில்லை என்று அந்தோணியம்மாள் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வாள்.

"பாத்தியா" என்றாள் பூவிழியிடம். "அவனுக்கு இருக்கற ரோசம் கட்டினவளுக்கு இல்ல." பிறகு மகனைப் பார்த்துச் சொன்னாள்: "நீ கைய நீட்டாத. உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆவணும், அதை நான் பாத்துக்கறேன். எம்புள்ளய சாவடிச்சவன் எவனா இருந்தாலும் சரி, என் உசுரு இருக்கற வரைக்கும் ஆண்டவர் வீட்டு வாசப்படியையும் மிதிக்கக் கூடாது, இந்த வீட்டு வாசப்படியையும் மிதிக்கக் கூடாது."

மணிவண்ணன் ஆமாம் போடவில்லை. கட்டையின் பட்டையை நகத்தால் உரித்துக்கொண்டே நின்றான். சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு, பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்ப வெளியே போய்விட்டான்.

உச்சிப்பொழுதில் எல்லாரும் கஞ்சி குடித்துக் கண் அயர்கிற நேரம். அந்தோணியம்மாள் தவலையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்வேலியைத் தாண்டினாள். யாராவது கேட்டால் தவலை விளக்க வந்தேன் என்று சொல்ல ஒரு பிடி புளியும் கையில் எடுத்துக்கொண்டாள். திருடப் போகிறவளுக்கு இந்த முன்யோசனையெல்லாம் எங்கிருந்துதான் வருமோ!

பாத்திகளுக்குப் பாய்கிற வாய்க்காலில் தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்து கிடந்தது. பார்த்தால் கிணற்றுத் தண்ணீர் என்றுதான் தோன்றும். வெயிலில் சுண்டிச் சுண்டிக் கடல் தண்ணீரைவிடக் கரித்துப்போனது அது. கையில் பட்டுக் காய்ந்தால் வெள்ளைப் பூத்துவிடும், சின்னக் கீறல் இருந்தாலும் எரிந்து உயிர் போகும்.

புளியைப் போட்டுத் தவலையைப் பளபளவென்று விளக்கினாள். பிறகு கழுத்துவரை வாய்க்காலில் முக்கி நிரப்பினாள். கொடுங்கள், நன்றாகக் கொடுங்கள் உங்கள் ஞானஸ்நானத்தை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். ஃபாதர் ஊற்றுவார், ஊர் பார்க்கும், அவனும் தனக்குப் பாவம் போயிற்று என்று பல்லை இளிப்பான். ஒன்றும் ஒட்டாது. அவன் செத்து மேலே போய் நிற்கும்போது, யாரப்பா நீ என்று கேட்பார்கள். இது அவளுக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரிந்தால் போதும்.

தவலையைத் தலையில் ஏற்றும்போது, பழக்க தோஷத்தில் கை நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது. பாதியில் அதை உணர்ந்து, சூடு பட்டவள் மாதிரிக் கையைக் கீழே இறக்கினாள்.

நாலு மணிக்குக் கோயிலில் கூட்டம் நிரம்பி வழிந்தது. ஞாயிறு பூசைக்கு வராதவர்கள்கூட வேடிக்கைக்கு வந்திருந்தார்கள். ஃபாதருக்குக் கூடமாட இருக்கும் உபதேசியார் வாசலிலேயே வந்து தவலையை இறக்கிக்கொண்டார். என்ன இருந்தாலும் உன் மனசு யாருக்கும் வராதும்மா என்று தழுதழுத்தார். நாலு பேர் அவளைத் தியாகியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அவளுக்கு அங்கேயே நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஆனாலும் முன்வரிசையில் தன் இடத்தில் போய் முழங்கால் போட்டாள். மணிவண்ணன் கட்டையோடு வாசலுக்கு வெளியே நின்றான். உள்ளே வரவில்லை.

கலியன் பூவிழி கொடுத்த வெள்ளை வேட்டியில் பீடத்துக்கு முன்னால் நின்றான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். சாத்தானை விட்டுவிடுகிறாயா என்று ஃபாதர் கேட்டதற்கு, விட்டுவிடுகிறேன் என்றான். சத்தம் வெளியே வரவில்லை. சாத்தானின் எல்லாக் காரியங்களையும் விட்டுவிடுகிறாயா என்று கேட்டபோது தலையை மட்டும் ஆட்டினான். நடிக்கிறான் பார், நாடகக்காரப் பயல் என்று அந்தோணியம்மாள் பல்லைக் கடித்தாள்.

அவன் தவலைத் தண்ணீர் ஊற்றியிருந்த ஞானஸ்நானத் தொட்டிக்கு மேலே குனிந்தான். பூவிழி அவன் தோளில் கை வைத்தாள். ஃபாதர் ஒரு கிண்ணம் மொண்டு ஊற்றினார்.

தண்ணீர் நெற்றியில் விழுந்து, புருவத்தில் வழிந்து, இருக்கிற ஒற்றைக் கண்ணுக்குள் இறங்கியது. கலியனின் உடம்பு ஒரு தரம் தூக்கிப்போட்டது. உதட்டில் வழிந்ததை நாக்கு தொட்டது. அந்த நாக்குக்குத் தெரியாதா? தினமும் அந்த வாய்க்காலில் கால் ஊறக் கிடக்கிறவன் அவன்.

அவன் தலையைத் திருப்பினான். கூட்டத்தில் தேடி, அந்தோணியம்மாளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். இப்போது கத்துவான், இது உப்புத் தண்ணீர் என்று ஊருக்கு முன்னால் சொல்லுவான், மானம் கப்பலேறப் போகிறது என்று அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

கலியன் மறுபடி தலையைக் குனிந்துகொண்டான். ஃபாதர் இரண்டாம் கிண்ணம் ஊற்றினார். மூன்றாம் கிண்ணமும் ஊற்றினார். அவன் கண்ணைத் துடைக்கக்கூட இல்லை. கண் கோவைப்பழமாகச் சிவந்து, நீர் தாரைதாரையாகக் கொட்டியது. பாவிக்கு எப்படி மனசு உருகுது பாரேன் என்று பின்னால் ஒருத்தி மூக்கைச் சிந்தினாள்.

அவன் தோளிலிருந்து எடுத்த கையைப் பூவிழி முந்தானையில் துடைத்தாள். துடைத்தவள் நின்று, விரலோடு விரலைத் தேய்த்துப் பார்த்தாள். பிசுபிசுவென்று ஒட்டியது. அவள் மெல்லத் திரும்பி மாமியாரைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் அந்தோணியம்மாளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அதில் இருந்தது இரக்கம்.

பூசை நடந்தது. பரலோக மந்திரம் வந்தது. அந்த வரியும் வந்தது. அந்தோணியம்மாளின் உதடு வழக்கம்போல ஒட்டிக்கொண்டது. முன்னால் நின்ற கலியன் அந்த வரியைச் சொன்னது மட்டும் கோயில் சத்தத்தையெல்லாம் தாண்டி அவள் காதில் வந்து விழுந்தது.

பூசை முடிந்ததும் அவள் நேரே ஃபாதர் உடை மாற்றும் அறைக்குப் போனாள். ஒரு சந்தேகம் கேட்க வேண்டும் என்றாள். சந்தேகம் என்ன சந்தேகம், தன் வேலை பலித்ததா என்று உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது.

"உப்புத் தண்ணியில ஊத்துனா ஞானஸ்நானம் செல்லுமா ஃபாதர்?"

ஃபாதர் அங்கியை மடித்துக்கொண்டே, ஏன் செல்லாது, கடலில் இறங்கிக்கூடக் கொடுக்கலாம் என்றார். தண்ணீர் தண்ணீர்தான். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று ஆண்டவர் ருசி பார்ப்பதில்லை என்று சொல்லிச் சிரித்தார். எதுக்கும்மா கேக்கறீங்க என்றார்.

"சும்மாதான்" என்றாள் அந்தோணியம்மாள்.

வெளியே வந்தவள் தவலையை வாங்கிக்கொண்டு விடுவிடென்று நடந்தாள். அப்படியானால் செல்லும். அவள் கையாலேயே, அவள் சுமந்த தண்ணீராலேயே அவனுக்குக் கொடுத்தாயிற்று. அவள் கேட்டது என்ன, நடந்தது என்ன! வீடு வரைக்கும் அவள் ஆண்டவரோடு சண்டை போட்டுக்கொண்டே போனாள். உனக்கு வாசலே கிடையாதா? கண்டவன் கண்ட வழியில் நுழைந்துவிடலாமா? நான் இத்தனை வருஷம் முழங்கால் தேய உன் முன்னால் கிடந்தேனே, எனக்கு என்ன கொடுத்தாய்? அவனுக்கு மட்டும் அள்ளி அள்ளிக் கொடுக்கிறாயே! ஆண்டவர் வழக்கம்போலப் பதில் சொல்லவில்லை. கோபத்தில் வெற்றுத் தவலையைக் கிணற்றடியில் டங்கென்று வைத்தாள். அது உருண்டுபோய்த் துவைக்கிற கல்லில் முட்டி நசுங்கியது.

"அக்கா."

வேலிக்கு அப்பால் கலியன் நின்றான். ஈர வேட்டி உடம்பில் ஒட்டியிருந்தது. கண்ணைத் திறக்க முடியாமல் தடுமாறி வேலிக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"கண்ணு கழுவக் கொஞ்சம் நல்ல தண்ணி குடுக்கா. எரிச்சல் தாங்கல. இதுவும் போயிட்டா வேலைக்குப் போவ முடியாது."

அவள் கிணற்றடியிலிருந்து நகரவில்லை. "தெரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டாள்.

"நெத்தியில பட்டப்பவே தெரிஞ்சுதுக்கா."

"அப்போ ஏன்டா வாயைத் தொறக்கல? சொல்லியிருந்தா ஊரே எம்மூஞ்சியில காறித் துப்பியிருக்குமே."

கலியன் வேலிக்காலை விடாமல் சொன்னான். "நான் குடுத்ததுல இன்னா இருக்குதுன்னு தெரியாமதான் உம்புள்ள குடிச்சான். நீ குடுத்ததுல இன்னா இருக்குதுன்னு தெரிஞ்சுதான் நான் வாங்கிக்கினேன். நான் செஞ்சதுக்கு அதைவிடக் கம்மியா எப்படி வாங்கறது?"

அந்தோணியம்மாள் கயிற்றைப் பிடித்தாள். அவனுக்காக இறைக்கவில்லை, சும்மா நிற்க முடியாமல் இறைக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டுதான் இறைத்தாள். வாளியை வேலியோரம் கொண்டுவந்து வைத்துவிட்டு இரண்டு அடி தள்ளி நின்றாள். "கழுவிக்கினு போ. உம்மேல எனக்கிருக்கற ஆத்திரம் இன்னும் தீரல, சொல்லிட்டேன்."

அவன் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் கண்ணில் அடித்துக்கொண்டான். பிறகு ஒரு கை அள்ளிக் குடித்தான். நெற்றியில் காய்ந்திருந்த வெள்ளை உப்பு கரைந்து போயிற்று.

மூன்று வருஷமாக அவள் யாரிடமும் கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. கேட்டால் கலியனிடம்தான் கேட்க வேண்டும். அவன் முகத்தில் விழிக்கவே மாட்டேன் என்று இருந்துவிட்டதால் அது உள்ளேயே கிடந்து அரித்தது. இப்போது அது தானாக வாயில் வந்துவிட்டது.

"அன்னிக்கு உங்கிட்ட வாங்க வந்தப்போ எம்புள்ள இன்னா சொன்னான்? அதுதானே அவன் நல்லா நின்னு பேசின கடைசிப் பேச்சு. ஒரு வார்த்தை சொன்னானா?"

குடிக்கப் போன இரண்டாம் கை தண்ணீர் கலியனின் விரலிடுக்கில் ஒழுகியது. அவன் எழுந்து நின்றான்.

"பரத்து வரலக்கா."

"இன்னா சொல்றே?"

"தோப்புக்கு வந்து பாக்கெட்டு வாங்கினு போனது பரத்து இல்ல. அவனுக்குத்தான் அன்னிக்குக் காய்ச்சல்னு வீட்டுல படுத்திருந்தானே. உடம்பு வலிக்கு நல்லதுன்னு வாங்கினு போனது வேற ஆளு. போலீசுல அடிச்சுக் கேட்டப்பவும் நான் பேரு சொல்லல. இப்பவும் சொல்லமாட்டேன். ஆனா அந்தப் புள்ளயும் என்னாட்டம் தெனம் செத்துக்கினு கெடக்கறான்க்கா. அவனையாவது உள்ள உடு."

சொல்லிவிட்டு அவன் வேலியோரமாகவே நடந்து போய்விட்டான்.

காய்ச்சல். ஆமாம், காய்ச்சல்தான். கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு அவள் உப்பளத்துக்கும் பூவிழி கடைக்கும் போன நாள். பரத் பாயை விட்டு எழுந்திருக்கவே தெம்பில்லாமல் கிடந்தான். எழுந்திருக்கத் தெம்பில்லாதவன் சவுக்குத் தோப்புவரை எப்படிப் போனான் என்று இத்தனை நாளில் அவள் ஒரு தரம்கூட யோசித்ததில்லையே! கலியன் ஒருத்தனைத் திட்டியே பொழுது போயிருக்கிறது. அன்றைக்கு வீட்டில் பரத்தோடு இருந்தது யார்? ஊரிலேயே பெரிய சத்தம் போடுகிறவன் யார்? மூன்று வருஷமாக நன்மை வாங்க வரிசையில் நிற்காதவன் யார்?

அவள் திரும்பினாள்.

வீட்டு வாசலுக்கு வெளியே, படிக்கு ஓரடி தள்ளி மணிவண்ணன் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ தெரியாது. சவுக்குக் கட்டை கையில் இல்லை. அது அவன் காலடியில் கிடந்தது. முகம் அழுது வீங்கி, சின்னப் பிள்ளையில் காய்ச்சலடித்துக் கிடக்கும்போது இருந்த மாதிரி இருந்தது.

"மணி" என்றாள். தன் குரலே அவளுக்கு அந்நியமாகக் கேட்டது. "உள்ள வா."

அவன் படியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"எப்படிம்மா வர்றது?" என்றான். "நீதானே காலையில சொன்ன."

அவளுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. ஓடிப்போய் அவன் தலைமயிரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. பாவி, பாவி, ஒரு வயிற்றில் பிறந்தவனை என்று கத்த வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. எதையும் செய்யாமல், வாளிக் கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றாள். மூன்று வருஷமாக அவள் வாயை மூடிக்கொண்ட அந்த ஒரு வரி தொண்டைக்குழிவரை வந்து நின்றது. அவளால் அதைச் சொல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

மணிவண்ணன் படிக்கு வெளியே காத்துக்கொண்டிருந்தான்.